லேப்டாப் ஆன் ஆகிறது, ஃபேன் ஓடுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. போர்டு மாற்றத்தான் வேண்டுமா?

பாலக்கோடு தோட்டம்:
வணக்கம். தங்கையின் லேப்டாப் போன வாரத்திலிருந்து படுத்துவிட்டது. பவர் பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது, ஃபேன் சத்தம் கேட்கிறது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. கம்பெனி லோகோகூட வருவதில்லை. 15.6 அங்குலம், இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 2019இல் வாங்கியது. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. தர்மபுரியில் ஒரு கடையில் காட்டினோம். “டிஸ்ப்ளே ஐசி போயிருக்கு, போர்டே மாத்தணும், 14,000 ஆகும்” என்கிறார்கள். தங்கை கல்லூரியில் கடைசி வருடம், புராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது. தக்காளி விற்கிற விலைக்கு 14,000 எங்களுக்குப் பெரிய தொகை. வேறு வழி இருக்கிறதா? போர்டை மாற்றினால் ஃபைல்கள் போய்விடுமா?

காவேரிப்பட்டணத்தான்:
ஃபைல்கள் எஸ்எஸ்டியிலோ ஹார்ட் டிஸ்கிலோதான் இருக்கும், போர்டில் இருக்காது. அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம். கடையில் யாராவது “விண்டோஸ் போட்டுப் பார்க்கலாம்” என்று சொன்னால் மட்டும் உடனே மறுத்துவிடுங்கள். லோகோவே வராத லேப்டாப்புக்கு விண்டோஸ் காரணமாக இருக்க முடியாது. ஃபார்மேட் செய்தால் தங்கையின் புராஜெக்ட்தான் போகும்.

ஓசூர் பெஞ்ச்:
நான் ஓசூரில் சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் உள்ள சிப்களைச் சரி செய்கிற வேலை பார்க்கிறேன். போர்டு போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கடைக்காரர் சொன்ன காரணம் எனக்கு ஒட்டவில்லை. எட்டாம் தலைமுறை ஐ5இல் படம் வரைகிற பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் மாடலில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் “டிஸ்ப்ளே ஐசி” என்று தனியாக எதைச் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்ய வேண்டும். மிஷின் உள்ளே ஓடிக்கொண்டிருந்து படம் மட்டும் வரவில்லையா, மிஷினே தொடங்கவில்லையா? வெளியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். லைட்டும் ஃபேனும் கரண்ட் வந்தாலே ஓடும். அவை ஓடுகின்றன என்பதால் பிராசஸர் வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லை. இதைப் பிரிக்காமல் பாகம் மாற்றினால் பணம்தான் வீண்.

இதைப் பிரிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஆன் செய்து இரண்டு நிமிடம் விட்டு, கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் சின்ன லைட் எரிந்து அணைகிறதா? அடுத்து, இரவில் அறையை இருட்டாக்கிவிட்டு ஃபோன் டார்ச்சை ஸ்கிரீன் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஏதாவது படம் தெரிந்தால் பேக்லைட்தான், அதாவது ஸ்கிரீனுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தருகிற விளக்குதான் பிரச்சினை. கடைசியாக, வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் போர்டு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. ஸ்கிரீன், கேபிள் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பென்னாகரம் பையன்:
டிவியில் போடும்போது விண்டோஸ் கீயோடு பி அழுத்த வேண்டும் அண்ணா. சில லேப்டாப்பில் அதை அழுத்தினால்தான் வெளி ஸ்கிரீனுக்குப் படம் போகும்.

ஓசூர் பெஞ்ச்:
சரிதான் தம்பி, ஆனால் அது விண்டோஸ் வரை போன மிஷினுக்கு. அந்த நிலையில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவரும் ஒருமுறை திரும்பத் தொடங்கும். இந்த பி வேறு எழுத்து, ‘பேட்’ என்ற சொல்லில் வருகிற பி. நீங்கள் சொன்னது ‘பென்’ என்பதில் வருகிற பி.

அரூர் ஆசிரியர்:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் மாணவி ஒருத்தியிடம் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இருக்கிறது. அதிலும் டிஸ்ப்ளே இல்லை. நீங்கள் சொன்ன டார்ச் சோதனையை இப்போதுதான் செய்து பார்த்தேன். மங்கலாக விண்டோஸ் படம் தெரிகிறது! மூடியைப் பாதி மூடினால் ஒரு கணம் வெளிச்சம் வந்து போகிறது. இதை இங்கேயே சரி செய்ய முடியுமா?

ஓசூர் பெஞ்ச்:
அரூர் ஐயா, உங்களுடையது எளிய வகை. மூடியை அசைக்கும்போது வெளிச்சம் மாறுகிறது என்றால் ஹிஞ்ச் (மூடி திரும்புகிற கீல்) வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிளில் கம்பி அறுந்திருக்கிறது. திறந்து மூடித் திறந்து மூடி அந்த இடத்தில்தான் நைந்துபோகும். கேபிள் மட்டும் மாற்றினால் போதும், ஸ்கிரீனை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். யார் கழற்றினாலும் சரி, டிஸ்ப்ளே கேபிளைத் தொடும் முன் சார்ஜரை எடுத்து, பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிட வேண்டும். பேக்லைட்டுக்குப் போகிற வோல்டேஜ் அந்த கேபிளிலேயேதான் வருகிறது. கரண்ட் இருக்கும்போது கேபிளைச் சாய்வாக இழுத்தால் பக்கத்துக் கம்பி முனையோடு உரசி போர்டில் உள்ள பேக்லைட் ஃபியூஸ் போகும். கேபிள் மாற்ற வந்த லேப்டாப் ஃபியூஸ் போய்த் திரும்புவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பாலக்கோடு தோட்டம்:
மூன்றையும் பார்த்தோம் அண்ணா. கேப்ஸ் லாக் லைட் எரியவே இல்லை. டார்ச்சில் ஒன்றும் தெரியவில்லை. டிவியில் “சிக்னல் இல்லை” என்றுதான் வருகிறது. ஃபேன் முதலில் மெதுவாக ஓடி, கொஞ்ச நேரத்தில் முழு வேகத்துக்குப் போய்விடுகிறது.

ஓசூர் பெஞ்ச்:
அப்படியானால் ஸ்கிரீன், கேபிள், பேக்லைட் மூன்றையும் மறந்துவிடலாம். மிஷினே தொடங்கவில்லை. இனி ஒவ்வொன்றாகப் போவோம்.

சார்ஜரை எடுங்கள். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரை மெதுவாக விடுவியுங்கள். பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஆன் செய்து பாருங்கள்.

வரவில்லையென்றால் ரேம். இந்த மாதிரி கேஸில் அதிகம் மாட்டுவது ரேம்தான். கிளிப்பை இரு பக்கமும் விலக்கினால் சாய்ந்து எழும். தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, க்ளிக் என்று உட்காரும்வரை திரும்பப் போடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சார்ஜரை எடுத்த பிறகே கை வையுங்கள்.

கூடவே, ரேம் எதுவுமே போடாமலும் ஒருமுறை ஆன் செய்து, பீப் சத்தமோ லைட் சிமிட்டலோ வருகிறதா என்று கவனியுங்கள். இதை மறக்காமல் செய்யுங்கள்.

நல்லம்பள்ளி வாசகர்:
இவ்வளவு சுற்ற வேண்டாம். எனக்கு இதே பிரச்சினை வந்தபோது ஹீட் கன் வைத்து சிப்பைச் சூடு பண்ணிக் கொடுத்தார்கள், உடனே டிஸ்ப்ளே வந்தது. செலவும் குறைவு.

ஓசூர் பெஞ்ச்:
எவ்வளவு காலம் ஓடியது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

நல்லம்பள்ளி வாசகர்:
சில வாரம் ஓடியது. அப்புறம் திரும்பவும் போய்விட்டது. அதன்பிறகு விற்றுவிட்டேன்.

ஓசூர் பெஞ்ச்:
அதுதான் நடக்கும். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கம் இன்னும் பல கடைகளில் இது நடக்கிறது. 2006 முதல் 2008 வரையான காலத்து என்விடியா லேப்டாப் சிப்கள் பலவற்றில், சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவில் இருக்கிற நுண்ணிய இணைப்புகள் சூடாகிக் குளிர்ந்து விரிசல் விட்டன. 2008 ஜூலையில் அந்த நிறுவனமே இதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடு காட்டினால் அந்த விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், படம் வரும். பழுது சிப்புக்கு உள்ளே இருப்பதால் திரும்பவும் விடும். அது அந்தக் கால சிப்களின் கதை. இந்த 2019 லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் சிப்பே இல்லையென்றால் எதைச் சூடு பண்ணுவது? பிராசஸரைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன பாகங்கள் நகர்ந்து, சரி செய்யக்கூடிய போர்டையும் கெடுத்துவிடும். பாலக்கோட்டுத் தம்பி, ஹீட் கன்னுக்கு எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள்.

பர்கூர் முன்னாள் மாணவி:
சிமிட்டலைக் கவனிக்கச் சொன்னது முக்கியம். அது மிஷின் நம்மிடம் பேசுகிற வழி. டெல் லேப்டாப்பில் மஞ்சள் 2, வெள்ளை 3 என்று சிமிட்டினால் ரேம் கிடைக்கவில்லை என்று பொருள். 2, 7 என்றால் ஸ்கிரீன். 2, 2 என்றால் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற, போர்டில் ஒரு சிப்பில் இருக்கும் புரோகிராம். எச்பியில் நீளமாக 3, குறுகலாக 2 என்று வந்தால் ரேம் பக்கம் பார்க்கச் சொல்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் கையேட்டிலேயே பாருங்கள். டெல்லில் இன்னொன்றும் உண்டு. டி எழுத்தை அழுத்திக்கொண்டே பவர் பட்டனை அழுத்தினால் ஸ்கிரீன் முழுக்க நிறம் மாறி மாறி வரும். வந்தால் ஸ்கிரீன் நல்லது.

காவேரிப்பட்டணத்தான்:
சிமாஸ் பேட்டரியையும் பார்க்கலாம். காசு மாதிரி இருக்கும் சிஆர்2032. 3 வோல்ட் காட்ட வேண்டும். அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் பயாஸ் செட்டிங்குகள் அழிந்து, சில மிஷின் வந்துவிடும். சில மாடலில் அந்த பேட்டரியே இருக்காது, மெயின் பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இங்கே வேறு யாராவது படித்தால் அவர்களுக்காக ஒன்று: டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் புதிதாகப் போட்டவர்கள் முதல் தடவை ஆன் செய்யும்போது ஸ்கிரீன் சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். ரேமைப் பழக்கிக்கொள்கிற நேரம் அது. பயந்துபோய் நடுவில் ஆஃப் செய்யாதீர்கள்.

பாலக்கோடு தோட்டம்:
எல்லாம் செய்தாயிற்று. மின்சாரம் வடித்தும் வரவில்லை. ரேம் இரண்டு இருக்கிறது, 4 ஜிபி வீதம். தேய்த்து, தனித்தனியாக, இரண்டு ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்தோம். பக்கத்து வீட்டு லேப்டாப் ரேமையும் கேட்டு வாங்கிப் போட்டோம். மாற்றமில்லை. சிமாஸ் பேட்டரி 3 வோல்ட் காட்டுகிறது. ரேம் இல்லாமல் ஆன் செய்தபோதும் சத்தமும் இல்லை, சிமிட்டலும் இல்லை. ரேம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான்.

ஓசூர் பெஞ்ச்:
கடைசி வரிதான் எனக்கு வேண்டியது. நல்ல போர்டு ஒன்றில் ரேமைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் பெரும்பாலும் அது சும்மா இருக்காது. “ரேம் எங்கே” என்று கத்தும், அல்லது சிமிட்டும். அந்தப் புகாரைச் சொல்வது பயாஸ் புரோகிராம். புகாரே வரவில்லை என்றால் பயாஸ் ஓடவே தொடங்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். ஒன்று, பிராசஸருக்குப் போகவேண்டிய வோல்டேஜ் ஏதாவது வரவில்லை. அல்லது பயாஸ் சிப்பில் இருக்கிற புரோகிராம் கெட்டிருக்கிறது. ஃபேன் கட்டுப்பாடில்லாமல் முழு வேகத்தில் ஓடுவதைப் பார்த்தால் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

தங்கையிடம் ஒன்று கேளுங்கள். கடைசியாக நன்றாக ஓடிய அன்று என்ன செய்துகொண்டிருந்தார்? அப்டேட் ஏதாவது ஓடியதா? இடையில் கரண்ட் போனதா? பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்?

பாலக்கோடு தோட்டம்:
தங்கை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அன்று ராத்திரி ஷட் டவுன் கொடுத்தபோது அப்டேட் போட்டுவிட்டு ஆஃப் ஆகும் என்று வந்ததாம். திரும்ப ஆன் ஆகி, கம்பெனி லோகோவுக்குக் கீழே ஒரு கோடு நகர்ந்துகொண்டிருந்ததாம், “ஆஃப் செய்யாதீர்கள்” என்று இருந்ததாம். அந்த நேரம் இடி மழை, எங்கள் ஊரில் கரண்ட் போய்விட்டது. பேட்டரி பல மாதமாகவே பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. மறுநாள் காலையிலிருந்து இப்படித்தான். இதைக் கடையில் யாரும் கேட்கவில்லை, அதனால் நாங்களும் சொல்லவில்லை.

பர்கூர் முன்னாள் மாணவி:
அது பயாஸ் அப்டேட்தான். விண்டோஸ் அப்டேட் வழியாகவே இப்போது பயாஸும் வருகிறது. பலருக்கு இது தெரியாது. லோகோவுக்குக் கீழே கோடு நகர்கிற நேரத்தில் சிப்பிலிருக்கும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். பாதியில் கரண்ட் போனால் சிப்பில் பாதிதான் இருக்கும். பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தொடங்கும், ஆனால் நைந்த பேட்டரி 60 சதவீதம் காட்டிவிட்டு மறுகணம் அணைந்துபோகும். தங்கையைத் திட்டாதீர்கள், அவர் செய்ததில் தவறு எதுவும் இல்லை.

ஓசூர் பெஞ்ச்:
இப்போது கதை பொருந்துகிறது. போர்டை மாற்றும் முன் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று வீட்டிலேயே செய்யலாம். பல கம்பெனிகள் இதற்காகவே மீட்பு வழி வைத்திருக்கின்றன. வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் மாடலுக்கான பயாஸ் ஃபைலைக் கம்பெனித் தளத்திலிருந்து மட்டும் எடுத்து, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில், அவர்கள் சொல்லும் பெயரிலேயே போட வேண்டும். எச்பி என்றால் விண்டோஸ் கீயும் ‘பேட்’ பி-யும் அழுத்திக்கொண்டு பவர் பட்டன். டெல் என்றால் கன்ட்ரோலும் எஸ்கேப்பும் அழுத்திக்கொண்டு சார்ஜரைச் செருக வேண்டும். மற்றவற்றுக்கு அந்தந்தத் தளத்தில் இருக்கும். பென் டிரைவ் லைட் சிமிட்டினால் படிக்கிறது என்று பொருள், பொறுமையாக விடுங்கள். இந்த முறை யாராவது ஒருவர் வீட்டு இன்வெர்ட்டரில் செருகிச் செய்யுங்கள்.

அது வரவில்லையென்றால் பயாஸ் சிப்பில் நேரடியாக எழுத வேண்டும். போர்டில் எட்டுக் கால் உள்ள சின்ன சிப், 25 என்ற எண் வரிசையில் இருக்கும். அதை புரோகிராமர் கருவியில் மாட்டி எழுதுவோம். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சிஎச்341ஏ கருவியை வாங்கி நீங்களே செய்யலாம் என்று வீடியோக்கள் சொல்லும். வேண்டாம். அந்தக் கருவிகளில் சில 3.3 வோல்ட் சிப்புக்கு 5 வோல்ட் அனுப்பிவிடும். புதிய லேப்டாப் பலவற்றில் 1.8 வோல்ட் சிப்பும் இருக்கிறது, அதற்கு 3.3 வோல்ட்டே அதிகம்.

எந்தக் கடையில் கொடுத்தாலும் மூன்று விஷயம் வற்புறுத்திச் சொல்லுங்கள். எழுதும் முன் சிப்பில் இப்போது இருப்பதை அப்படியே நகல் எடுத்து வைக்க வேண்டும். லேப்டாப்பின் சீரியல் எண்ணும் விண்டோஸ் லைசென்ஸும் அதற்குள்தான் இருக்கின்றன. நெட்டில் கிடைத்த வேறு மிஷினின் ஃபைலை அப்படியே ஏற்றினால் இரண்டும் மாறிவிடும். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க வேண்டும். எஸ்எஸ்டியைக் கழற்றி உங்களிடமே கொடுத்துவிட வேண்டும், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

காவேரிப்பட்டணத்தான்:
முதலில் ஃபைல்கள் பற்றிக் கவலை வேண்டாம் என்று எழுதியிருந்தேன், அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர், அதாவது டிஸ்கையே பூட்டி வைக்கிற விண்டோஸ் பாதுகாப்பு ஆன் ஆகியிருந்தால், பயாஸ் சிப்பில் எழுதிய பிறகு விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். டிஸ்கைத் திறக்கிற சாவியைக் காக்கும் பாதுகாப்புப் பகுதியும் இன்டெல் லேப்டாப் பலவற்றில் அந்த சிப்பையே நம்பியிருக்கிறது. தங்கை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்துதான் லேப்டாப்பைத் தொடங்கினார் என்றால், அந்த எண் அவருடைய அக்கவுண்டில் இருக்க வாய்ப்பு அதிகம். இப்போதே ஃபோனில் நுழைந்து பார்த்து எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாலக்கோடு தோட்டம்:
எண் கிடைத்துவிட்டது, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். பென் டிரைவ் முறையில் லைட் ஒருமுறை சிமிட்டி நின்றுவிடுகிறது, அதற்கு மேல் நகரவில்லை. நாளைக்குக் காலை ரயிலில் ஓசூர் வருகிறேன் அண்ணா. ராயக்கோட்டை, கெலமங்கலம் தாண்டினால் ஓசூர்தானே, பஸ்ஸைவிட லேப்டாப் அதிராமல் வரும்.

அரூர் ஆசிரியர்:
எங்களுடையது முடிந்தது. தர்மபுரியில் கேபிள் மட்டும் மாற்றச் சொன்னோம். முதலில் ஸ்கிரீனோடு சேர்த்துத்தான் மாற்ற முடியும் என்றார்கள். டார்ச்சில் படம் தெரிவதையும் மூடியை அசைத்தால் வெளிச்சம் வருவதையும் அவர்கள் முன்னாலேயே காட்டினேன், ஒப்புக்கொண்டார்கள். பேட்டரியை முதலில் கழற்றச் சொன்னபோது, “சார் நீங்களும் சர்வீஸ்காரரா” என்று கேட்டார்கள். மாணவி டைப்பிங் பழகத் தொடங்கிவிட்டாள். மிக்க நன்றி.

பாலக்கோடு தோட்டம்:
லேப்டாப் வந்துவிட்டது! அண்ணா முதலில் போர்டில் வோல்டேஜ்களை அளந்து பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தன. பிறகு சிப்பில் இருந்ததை நகல் எடுத்து, கம்பெனி ஃபைலோடு ஒப்பிட்டுத் திரையில் காட்டினார். பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. சீரியல் எண் இருக்கும் பகுதியை எங்கள் நகலிலிருந்தே எடுத்துச் சேர்த்து எழுதினார். எழுதியதும் முதலில் ஒன்றும் வரவில்லை, என் கை நடுங்கிவிட்டது. தானாக ஒருமுறை ஆஃப் ஆகி ஆன் ஆன பிறகு லோகோ வந்தது. சொன்னபடியே நீலத் திரையும் வந்தது, 48 இலக்கத்தையும் அடித்தோம், தங்கையின் புராஜெக்ட் அப்படியே இருக்கிறது. மொத்தச் செலவு 1,500. பேட்டரியும் புதிதாகச் சொல்லியிருக்கிறோம். அதற்குத் தனியாக ஆகும், ஆனால் 14,000 இல்லை.

பென்னாகரம் பையன்:
சந்தோஷம் அண்ணா. விண்டோஸ் அப்டேட்டில் பயாஸ் வராமல் நிறுத்த முடியுமா? எங்கள் ஊரிலும் மழைக்கு கரண்ட் போகும்.

பர்கூர் முன்னாள் மாணவி:
பல லேப்டாப்பில் பயாஸ் செட்டிங்குக்குள் போனால், விண்டோஸ் வழியாக ஃபர்ம்வேர் (பயாஸ்) அப்டேட் வருவதை அனுமதிக்கிற ஒரு ஆப்ஷன் இருக்கும். அதை ஆஃப் செய்யலாம். ஆனால் நிரந்தரமாக நிறுத்த வேண்டாம் தம்பி. பயாஸ் அப்டேட்டில் பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன. பேட்டரி நன்றாக இருக்கிற நாளில், வானம் தெளிவாக இருக்கும்போது, சார்ஜரைச் செருகிவிட்டு நீங்களாகப் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய, கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர் சிஎஃப்ஜி கட்டளையின் பேட்டரி ரிப்போர்ட்டை (powercfg /batteryreport) எடுங்கள். புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், அப்டேட் அப்புறம்.